சம்பளம் கூட்டிக் கேட்பது குற்றமா?



நம் வியாபாரிகள் நாலுபேர் கூடுமிடத்தில் தவறாமல் எழும் பேச்சு ஒன்றுண்டு. "முன்போல் ஆட்கள் நிலைப்பதில்லை. வந்து வருஷம் ஆகவில்லை, சம்பளத்தைக் கூட்டு என்கிறான். இல்லையென்றால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான்" என்பதே அது. பிரிக்பீல்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருப்பவரும் இதைச் சொல்கிறார். கிள்ளானில் சாப்பாட்டுக்கடை நடத்துபவரும் இதைச் சொல்கிறார். நானும் சொன்னவன்தான். ஆனால், நம்மில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பிறர் கடையில் சிப்பந்தியாக நின்றவர்கள் என்பதை மட்டும் அப்போது மறந்துவிடுகிறோம்.

ஆகவே சம்பளம் கேட்பதையும் கொடுப்பதையும் பற்றி இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். நான் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் படிப்பு. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கல்லாவின் இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு பழைய கணக்கு

இருபது வயதில் நான் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலைக்கு நின்றேன். சம்பளம் எழுநூறு வெள்ளி. சாப்பாடும் தங்குமிடமும் கடையில். காலை சுபுஹுக்குப் பின் தேத்தண்ணீர் போட நின்றால், இரவு மேசை துடைத்து நாற்காலி கவிழ்க்கும் வரை வேலை. முதலாளி என் சம்பளத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவந்தார். ஊருக்குப் பணம் அனுப்பக் கேட்டால் தருவார். மிச்சம் "கணக்கில் இருக்கிறது" என்பார். சபர் வந்த நம் முன்னோர் காலத்திலிருந்து இருந்துவந்த வழக்கம் அது. நான் அதைத் தவறென்று நினைக்கவில்லை.

ஆறு வருஷத்தில் இருமுறை கூட்டினார். இரண்டும் சேர்த்து நூற்றைம்பது வெள்ளி. ஊரில் தங்கைக்கு நிக்காஹ் பேசிய சமயம், மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, கடை அடைக்கும் நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

"முதலாளி, சம்பளம் கொஞ்சம் பார்த்துப் போட்டால் நல்லது."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே, "தம்பி, உன்னை மகன் மாதிரியல்லவா வைத்திருக்கிறேன்? மகன் தகப்பனிடம் சம்பளம் கேட்பானா?" என்றார்.

அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் அந்தக் கடையை விட்டேன். நோட்டில் இருந்த கணக்கு பார்க்கும்போது, அவர் எழுதியிருந்த தொகைக்கும் என் நினைவில் இருந்த தொகைக்கும் பொருந்தவில்லை. அவர் ஏமாற்றினார் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். எழுதாத பேச்சு அப்படித்தான் முடியும்.

கேட்பது யாசகமா?

வேலையாள் சம்பளம் கேட்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம், கேட்பதே இழிவு என்ற எண்ணம். பிறரிடம் கையேந்தாதீர்கள் என்று நம் மார்க்கம் கண்டித்திருப்பது உண்மை. ஆனால் அது உழைக்காமல் ஏந்தும் கைக்குச் சொன்னது. உழைப்பின் விலையைப் பேசுவது கொடுக்கல் வாங்கலைச் சேர்ந்த காரியம். நாம் ஒரு மூட்டை அரிசிக்கு விலை பேசும்போது யாராவது நம்மைப் பிச்சை கேட்பதாகச் சொல்வார்களா?

திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. மிஸ்ரிலிருந்து உயிர் தப்பி மத்யனுக்கு வந்த அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி, அவ்வூர்ப் பெரியவரின் மகள் தம் தகப்பனாரிடம் சொல்கிறார். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்கு ஏற்றவர் என்பது அந்தப் பெண்மணி சொன்ன காரணம். பெரியவரும் உடன்பட்டு, எட்டு வருஷம் என்று தவணை பேசுகிறார்; பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்கிறார்; உமக்குச் சிரமம் கொடுக்க நாடவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். எவ்வளவு காலம், எது கட்டாயம், எது விருப்பம் என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே பேசி முடிந்துவிட்டது. பேசியபின் இருவரும் அல்லாஹ்வைச் சாட்சியாக்கிக்கொண்டார்கள். "முதலில் வேலையைப் பார், பிறகு பார்க்கலாம்" என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

யூசுப் நபி (அலை) அவர்களோ இன்னும் ஒரு படி மேலே. நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி அரசனிடம் தாமே கேட்டார்கள். தாம் பேணிக் காப்பவர், விஷயம் அறிந்தவர் என்று தம் தகுதியையும் எடுத்துச் சொன்னார்கள். உள்ள தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையடிப்பது ஆகாது என்பதற்கு இது போதும்.

இனிக் கொடுப்பவர் பக்கம். வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கவேண்டும் என்ற நபிமொழி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாறும் நாம் மதரஸாவில் கேட்டதே. அவர்களில் ஒருவர் முதலாளி. அவரிடம் வேலைசெய்த ஒருவன் கூலியை வாங்காமலே போய்விட்டான். அந்தக் கூலியை அவர் தம் செலவில் கலக்காமல் பெருக்கிவந்தார். வெகுகாலம் கழித்து அவன் திரும்பிவந்து கேட்டபோது, ஒட்டகமும் மாடும் ஆடுமாகப் பெருகியிருந்த அத்தனையையும் காட்டி, எல்லாம் உன்னுடையது என்றார். என்னைக் கேலி செய்யாதீர் என்றான் அவன். அவர் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் கொடுத்தனுப்பினார். அந்த நற்செயலைச் சொல்லி அவர் துஆச் செய்தபோது, குகையை அடைத்த பாறை நகர்ந்தது. "கணக்கில் இருக்கிறது" என்று நாம் சொல்லும்போதெல்லாம், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்போமாக!

கிள்ளானில் நடந்தது

கேட்பவன் குரலுக்குக் காது கொடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1941-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. யுத்தத்துக்கு ரப்பர் தேவைப்பட்டதால் தோட்டங்களுக்கு நல்ல காலம். சாமான்களின் விலையும் ஏறிற்று. ஆனால் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு அளவிலேயே நின்றது. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ அதைவிட அதிகம்.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் மூலமாகத் தொழிலாளர்கள் கோரிக்கை வைத்தார்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. மற்றவற்றையும் கவனியுங்கள்: கள்ளுக்கடைகளை மூடவேண்டும்; பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும்; வைத்திய வசதி வேண்டும்; துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

முதலில் நடந்த வேலைநிறுத்தங்களால் கூலி சிறிது கூடிற்று. ஆனால் மே மாதம் நாதனை அரசாங்கம் கைது செய்தது. தோட்டங்கள் கொந்தளித்தன. பட்டாளம் வரவழைக்கப்பட்டது. சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர். சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

தோட்டத்துக்கும் நம் சிறு கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சைக்கிளைவிட்டு இறங்கும் விஷயத்தில் இருக்கிறது சம்பந்தம். கூலி கேட்டவர்கள் காசை மட்டும் கேட்கவில்லை. எங்களையும் மனிதராக எண்ணுங்கள் என்று கேட்டார்கள். வாடிக்கைக்காரர் முன்னிலையில் நாம் "டேய்" என்று கூப்பிடும் பையனின் மனத்திலும் அந்தக் கோரிக்கை இருக்கிறது. அவன் சம்பளம் கேட்கும் நாளில்தான் அது வெளிவருகிறது.

இன்றைய சட்டமும் நம் கணக்கும்

இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலில் 2013-இல் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் அப்போது மாதம் 900 வெள்ளி. பிறகு படிப்படியாக ஏறி 2022 மே மாதம் 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் தவணை கிடைத்தது. 2025 ஆகஸ்டு முதல் அவருக்கும் அதுவே. ஆகவே "எனக்கு ரெண்டே ஆள்தானே" என்ற சாக்கு இனிச் செல்லாது. இந்த 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். படிகளைச் சேர்த்துக் காட்டி நிரப்பமுடியாது.

இங்கேதான் நம்மில் பலர் நம்மை அறியாமல் தவறிவிடுகிறோம். "நான் ரெண்டாயிரம் கொடுக்கிறேனே, சட்டத்துக்கு மேலேதானே?" என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2023 ஜனவரி முதல் வேலைநேரம் வாரத்துக்கு 45 மணி. ஆறு நாள் வேலை என்றால், ஒரு நாளைக்கு ஏழரை மணி. 1,700 வெள்ளியை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. மிகைநேரத்துக்கு, நாம் ஓ.டி. என்கிறோமே அதற்கு, ஒன்றரை மடங்கு. அதாவது மணிக்கு 13 வெள்ளி 8 காசு. கடையில் பையன் நிற்பது, ஓய்வு நேரம் போக, பத்து மணி நேரம். ஆகவே நாளுக்கு இரண்டரை மணி மிகை. 26 நாளுக்கு 65 மணி. அதற்குக் கூலி 850 வெள்ளி. ஆகமொத்தம் 2,550. நான் கொடுத்தது 2,000. மாதந்தோறும் 550 வெள்ளி குறைத்துக் கொடுத்துக்கொண்டு, தாராளமாகக் கொடுப்பதாக நினைத்திருந்தேன்!

இன்னும் சில விஷயங்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிடவேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாரத்தில் ஒருநாள் ஓய்வு. உள்நாட்டுச் சிப்பந்திக்கு ஊழியர் சேமநிதியில் நம் பங்கு, 5,000 வெள்ளி வரையுள்ள சம்பளத்துக்கு நூற்றுக்குப் பதின்மூன்று. அவர் பங்கு பதினொன்று. வெளிநாட்டுச் சிப்பந்திக்கும் 2025 அக்டோபர் முதல் இரு தரப்பும் நூற்றுக்கு இரண்டு கட்டவேண்டும். அவருடைய பாஸ்போர்ட்டை நம் பெட்டியில் பூட்டிவைப்பது குற்றம்.

வெளிநாட்டு ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெர்மிட் நம் கடையின் பெயரில் இருக்கிறது. அடுத்த கடையில் கூடுதலாகத் தந்தாலும் அவரால் எளிதில் போகமுடியாது. ஆகவே அவர் கேட்காமல் இருப்பதைத் திருப்தி என்று எண்ணிவிடலாகாது. போக வழியில்லாதவனின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது நியாயமான வியாபாரம் ஆகாது.

கேட்பவருக்குச் சில வார்த்தை

பிறர் கடையிலும் கம்பெனியிலும் வேலைசெய்யும் நம் தம்பிமாரும் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும்.

முதலாவது, நேரம் பார்த்துக் கேளுங்கள். மத்தியானக் கூட்டத்திலோ, ஜும்ஆவுக்கு அவசரமாகப் புறப்படும்போதோ, மற்றவர் முன்னிலையிலோ வேண்டாம். "நாளைக்கு உங்களிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசவேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டுக் கஷ்டத்தை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். நான் செய்த தவறு அதுவே. கஷ்டத்தைச் சொன்னால் முதலாளி கடனோ ஸதகாவோ கொடுப்பார்; சம்பளத்தைக் கூட்டமாட்டார். நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். வந்தபோது என்ன செய்தீர்கள், இப்போது என்னென்ன கூடுதலாகச் செய்கிறீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது, சரக்கு வாங்குவது யார் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்னாமல் தொகையைச் சொல்லுங்கள். அதே வேலைக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். இல்லாத வேலையை இருப்பதாகப் பொய் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பொய்யால் கூடிய சம்பளத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

நான்காவது, இப்போது முடியாது என்றால், எப்போது முடியும் என்று மரியாதையாகக் கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, எக்காரணத்தைக் கொண்டும் சம்பளத்தைத் தன் கையாலேயே கூட்டிக்கொள்ளாதீர்கள். "அவர் குறைத்துத்தானே கொடுக்கிறார்" என்று கல்லாவில் கைவைப்பவன், தன் பக்கத்து நியாயத்தைத் தானே எரித்துவிடுகிறான். உங்களிடம் உள்ள பணம் அமானத். பேசித் தீராவிட்டால் வேறு கடை பாருங்கள். சட்டப்படி வரவேண்டியது வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். இரண்டும் ஹலாலான வழிகள்.

கொடுப்பவருக்குச் சில வார்த்தை

முதலாளிகளாகிய நாம் செய்யத்தக்கது மிகச் சுலபம். கேட்கும் வரை காத்திராமல் வருஷத்தில் ஒருநாளைக் குறித்துக்கொள்வோம். நம்மில் பலர் ரமலானை ஒட்டி ஜகாத்துக்காக வருஷக் கணக்குப் பார்க்கிறோம். அன்றே சிப்பந்திகளின் சம்பளத்தையும் எடுத்துப் பார்த்தால் என்ன? சரக்கின் விலையை வருஷத்தில் எத்தனை முறை கூட்டினோம் என்று நமக்குத் தெரியும். சம்பளத்தைக் கடைசியாக எப்போது கூட்டினோம் என்பதும் தெரியவேண்டுமல்லவா?

ஒன்றை மட்டும் கலக்கவேண்டாம். ஜகாத் வேறு, கூலி வேறு. ஏழைச் சிப்பந்திக்கு ஜகாத் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கவேண்டிய கூலியை ஜகாத்தைக் கொண்டு தீர்க்கமுடியாது. பெருநாளைக்குக் கொடுக்கும் கைலியும் சட்டையும் அன்பளிப்பு. அதைக் காட்டிச் சம்பள உயர்வை மறுப்பது, அன்பளிப்பையும் கெடுத்துவிடும்.

வியாபாரம் மந்தமாயிருந்து கொடுக்கமுடியாத காலமும் உண்டு. அப்போது கணக்கைக் காட்டிப் பேசுவோம். நிஜமான கணக்கைக் கண்ட வேலையாள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வான். கணக்கை மறைத்துவிட்டுப் பாசத்தைக் காட்டினால்தான் அவன் மனம் விட்டுப்போகிறது.

இதை அறிந்தே எழுதுகிறேன். சில காலத்துக்கு முன், என் கடையில் மூன்று வருஷமாக நிற்கும் தம்பி ஒருவன் இரவில் ஷட்டரை இறக்கும்போது தயங்கித் தயங்கி, "முதலாளி, ஒரு விஷயம்" என்றான். அவன் நின்ற நிற்பிலேயே விஷயம் என்னவென்று தெரிந்துவிட்டது. நம்பமாட்டீர்கள், என் நாவின் நுனிக்கு வந்த முதல் வார்த்தை, "உன்னைத் தம்பி மாதிரியல்லவா வைத்திருக்கிறேன்" என்பதே! இத்தனை வருஷம் என்னைச் சுட்ட வார்த்தை எப்படி என் வாய்க்கே வந்தது? அல்லாஹ் காப்பாற்றினான். வாயை மூடிக்கொண்டு, "உட்கார், கணக்குப் பார்ப்போம்" என்றேன்.

மேலே எழுதிய கணக்கு அன்றிரவு போட்டதுதான். முழுத் தொகையும் கூட்டி அதே நேரம் நிற்கவைக்க என் கடை தாங்காது என்பதும் தெரிந்தது. மறுநாள் அதை அவனிடமே சொன்னேன். காலையில் கடை திறக்கும் நேரத்தைத் தள்ளிவைத்து அவன் வேலைநேரத்தைக் குறைத்தோம். மிகைநேரத்துக்கு உரியதைத் தனியாக எழுதிச் சேர்த்தோம். பழைய குறைவுக்கு மாதத் தவணை வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். காலை வியாபாரம் கொஞ்சம் போயிற்று. தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் அவன் முகத்தை நேரே பார்த்துப் பேசமுடிகிறது.

சகோதரர்களே! இன்றிரவு கடை அடைத்தபின் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். என் கடையில் நிற்பவரின் சம்பளம் எழுத்தில் இருக்கிறதா? கடைசியாகக் கூட்டியது எந்த வருஷம்? அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் நிற்கிறார்? "கணக்கில் இருக்கிறது" என்று நான் வைத்திருக்கும் பிறர் காசு எவ்வளவு? நாளை அவர் வந்து கேட்டால், என் வாயில் வரும் முதல் வார்த்தை என்ன?

பிறர் ஹக்கு நம் கல்லாவில் தங்காமல் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.